முதலில் தாளம், பிறகு பேச்சு



இந்த ஜவ்வாது மலையில் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற சில நாட்களில் சென்னை வரை போய்த் தேர்வெழுதி, 2024-இல் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். ஊர் கூடி மேளதாளத்தோடு வரவேற்றோம். அது நமக்குப் பெருமை. அதே மலையிலிருந்து இறங்கிப்போய், விடுதிக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, வகுப்புக்கும் போகாமல் சாப்பிடவும் வராமல் கிடக்கும் பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான். அவர்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்த நாட்டில் தற்கொலையால் நாம் இழந்த மாணவர்கள் 13,044 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 1,416 பேர்.

மனம் ஒடிந்த பிள்ளை லேசில் வாய் திறக்காது. பாடம் ஆங்கிலத்தில் ஓடுகிறது. பக்கத்துக் கட்டில்காரன் “நீ எந்தக் காட்டுலேர்ந்து வர்ற?” என்று சிரிக்கிறான். வீட்டுக்குப் போன் போடலாமென்றால், அம்மா சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஏறி வரவேண்டும். அப்படி மூச்சு வாங்க ஏறி வந்தவளிடம் எதைச் சொல்வது? “நல்லா இருக்கேன்மா” என்று வைத்துவிடுகிறான். சிலருக்கு இன்னும் பழைய துக்கமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் 20 பேர் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. அன்று ஏழெட்டு வயதாக இருந்த குழந்தைகளுக்கு இன்று கல்லூரி வயது. அந்தத் துக்கத்தை யார் அவர்களோடு உட்கார்ந்து கேட்டோம்? மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் “என்னப்பா பிரச்சினை?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல சார்” என்பதோடு எல்லாம் முடிந்துபோகிறது.

நம் பக்கத்து ஊர்களில் இதற்கு ஒரு பழைய வழி இருந்தது. சோறு தண்ணி இறங்காமல் ஒரு பெண் வெறித்துப் பார்த்தபடி இருந்தால் பூசாரியைக் கூப்பிடுவார்கள். எடுத்த எடுப்பில் அவர் எதுவும் கேட்கமாட்டார். உடுக்கையைத் தட்டுவார், பம்பை சேர்ந்துகொள்ளும். அடி நெருங்க நெருங்க அவள் உடம்பு அசையத் தொடங்கும். அதன் பிறகுதான், “யார் நீ, உனக்கு என்ன வேணும்?” என்பார். அவளும் பேசுவாள். பிடிக்காத கல்யாணம், புருஷன் அடித்த அடி, செத்துப்போன குழந்தை என்று அதுவரை சொல்லாததெல்லாம் சாமியின் பேரிலோ பேயின் பேரிலோ வெளியே கொட்டும். ஒலி முன்னே, கேள்வி பின்னே என்ற அந்த வரிசையைக் கண்டு நான் வியக்கிறேன். அதே சமயம், அவள் அந்தரங்கத்தை ஊரே சுற்றி நின்று கேட்டது. வேப்பிலை அடியும் விழுந்தது. மறுநாள் அவளை யாரும் தனியே விசாரிக்கவில்லை. இதை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். வரிசையை வைத்துக்கொள்வோம், அடியையும் கூட்டத்தையும் விட்டொழிப்போம்.

பின்லாந்தில் யாக்கோ எர்க்கிலாவும் அவர் குழுவினரும் இதே வரிசையில் செய்த ஆய்வொன்று 2011-இல் வெளிவந்தது. மனச்சோர்வுக்கு ஆளான 79 பேருக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. அவர்களில் 33 பேருக்கு மட்டும் கூடவே 20 அமர்வுகள் இசைச் சிகிச்சை. சங்கீதம் கற்றிருக்க வேண்டியதில்லை. வந்தவர் கையில் ஒரு கருவி, சிகிச்சையாளர் கையில் ஒன்று. வந்தவர் ஒரு தட்டுத் தட்டினால் இவர் அதையே திருப்பித் தட்டுவார். அவர் வேகமெடுத்தால் இவரும் கூடவே போவார், தடுமாறினால் தாளத்தைப் பிடித்து நிறுத்துவார். வாசிப்பு அடங்கியதும், “அந்த இடத்தில் ஏன் சட்டென்று நிறுத்தினீர்கள்?” என்பது போலப் பேச்சு தொடங்கும். மூன்றாம் மாத முடிவில், இசைச் சிகிச்சையும் பெற்றவர்களிடம் சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆறாம் மாதத்தில் அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

ஆகவே, இன்ன ராகம் கேட்டால் இன்ன நோய் தீரும் என்று பட்டியல் போட்டு விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பாட்டை நம்பி நிறுத்தாதீர்கள். சில பிள்ளைகளுக்கு மேளச் சத்தமே பழைய பயத்தைக் கிளறும், அவர்களை வற்புறுத்தக் கூடாது. “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்று ஒரு பையன் வாய்விட்டுச் சொன்ன பிறகு, அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன ஆதாரம், எதிராக என்ன இருக்கிறது என்று வாரக்கணக்கில் அவனோடு உட்கார்ந்து அலசுவது பேச்சுச் சிகிச்சை. அதற்குப் படித்த ஆள் வேண்டும்.

அப்படிப்பட்டவர்களை உருவாக்கும் இடங்கள் இருக்கின்றன. மலைக்குக் கீழே திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியில் ஆலோசனை உளவியல் படிப்பு இருக்கிறது. புதுச்சேரி மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியில் இசைச் சிகிச்சைக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. நம் பிள்ளைகள் படிக்கும் ஒவ்வொரு கல்லூரியிலும் போய், “உங்கள் ஆலோசகர் யார், எந்த அறையில் இருக்கிறார்?” என்று பெற்றோர் கேட்க வேண்டும். அந்த அறையில் ஒரு மேளம் இருக்கட்டும். நம் பம்பைக் கலைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, உரிய சம்பளத்தோடு அவர்களை அந்த ஆலோசகருக்குத் துணையாக அமர்த்தச் சொல்லி இந்த மேடையிலேயே தீர்மானம் போடுங்கள் என்று அவைத்தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதெல்லாம் வரும்வரை 14416 என்ற மனநல உதவி எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. கூட்டம் முடிந்து புறப்படும் முன் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் போனை வாங்கி, அந்த எண்ணைப் பதிந்து கொடுங்கள்.