வேன் எத்தனை மணிக்கு வீடு திரும்பும்?

(பெர்மாஸ் ஜெயாவில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பதிவு தொடங்குமுன் தேநீர் மேசை பக்கத்தில் ஓர் அக்கா என்னைத் தனியே அழைத்தார். "என் மகள் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போகணும்னு ஒத்தைக் காலில் நிற்கிறாள். நீங்களும் போனவங்கதானே, அனுப்பலாமா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டு வந்த உரையைக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். அந்த அக்கா மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அவருக்கே பேசுகிறேன், மற்றவர்களும் கூடவே கேளுங்கள்.

பொதுஜனத் தொடர்பில் டிப்ளோமா முடித்த கையோடு நான் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தேன். ஒரு வேனில் பதினொரு பேர். பின்னால் திரைச்சீலை, ஒலிபெருக்கி, உடைப் பெட்டி, ஒரு சோற்றுப் பானை. குளுவாங், சிகாமட், தைப்பிங் என்று கோயில் மண்டபங்களிலும் பள்ளி மண்டபங்களிலும் ஆடினோம். ஒப்பனையைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துவிட்டு, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பசியாறும்போதுதான் அன்று யார் வசனம் மறந்தார்கள் என்ற விசாரணை நடக்கும். அந்தச் சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. ஓர் ஊரில் ஏற்பாட்டாளர் பணம் தராமலே போய்விட்டார். வேனுக்குப் பெட்ரோல் போட ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அதுவும் இருக்கிறது அக்கா, மறைக்க மாட்டேன்.

இது நம் காலத்துக் கதை மட்டுமல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து ஒரு நாடக சபை தொடங்கினார். அதில் சேர்ந்தபோது, பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பெயர் பெற்ற டி.கே. சண்முகத்துக்கு ஆறு வயது. அண்ணன்மாரும் கூட இருந்தார்கள். பிள்ளைகள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பாடம் செய்து, ஊர் மாறும்போது மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒரே பயம், மகரக்கட்டு. குரல் உடைகிற பருவம் வந்தால் பாட முடியாது. நேற்றுவரை கதாநாயகன், இன்று கூட்டத்தில் ஒருவன். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் அழுதால் தேற்ற அம்மாவும் பக்கத்தில் இல்லை.

ஆனால், அக்கா கேட்டது பையனைப் பற்றியல்ல, மகளைப் பற்றி. அதற்கு நாம் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இன்றும் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தைப் பார்க்க வேண்டும். அதில் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். நோட்டீஸில் படமும் பெயரும் போட்டிருக்கும். கோயில் திருவிழாவுக்கு வந்து சேர்ந்து, இரவு பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடியும்வரை வள்ளி திருமணம் நடத்துவார்கள். வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்தை அன்று அந்த மேடையிலேயே உருவாக்குவார்கள். தொலைக்காட்சியில் பேச்சுக்குத் தடுமாறும்போதெல்லாம் நான் அவர்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அந்த நடிகைகளோடு பயணம் செய்தே ஒருவர் புத்தகம் எழுதியிருக்கிறார். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியல் ஆய்வாளர். 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஆராய்ந்தார், 2005இல் நூல் வந்தது. அதில் என்னை உலுக்கியது மேடையைப் பற்றிய பகுதியல்ல, சாலையைப் பற்றிய பகுதி. இரவெல்லாம் ஆயிரம் பேர் முன்னால் ஆடிப்பாடுகிற பெண், வழியில் தான் நடிகை என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று பார்த்துக்கொள்கிறாள். முடிந்தால் வேனில் மறைவாகப் போகிறாள். பேருந்து என்றால் சாதாரணக் குடும்பப் பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள். நாடகக்காரர்களுக்கென்றே ஒரு குழூஉக்குறிப் பேச்சு இருக்கிறது, அருகில் இருப்பவர்களுக்குப் புரியாது. கைதட்டிய ஊரே மறுநாள் பழியும் பேசும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் தெரியும். விடியற்காலை மூன்று மணிக்குப் பெர்மாஸ் பாலத்தைத் தாண்டி வேன் எங்கள் தாமானுக்குள் நுழையும்போது, எதிர்வீட்டு விளக்கு எரியும். ஒருநாள் அம்மா சொன்னார்: "வாசலில் இறங்காதே, சந்து முனையில் இறங்கி நடந்து வா." நான் இருட்டில் தனியாக நடந்தேன். வெளிச்சமான வாசல் இருக்கும்போது, அக்கம்பக்கத்துக் கண்ணுக்குப் பயந்து மகளை இருட்டில் நடக்கவிட்டோமே என்று அம்மா பின்னாளில் வருந்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று அவர் தூங்காமல்தான் காத்திருந்தார்.

ஆகவே அக்கா, அனுப்பலாமா வேண்டாமா என்பதைவிட, அந்தக் குழுவிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். இரவில் வண்டி ஓட்டுவது யார், அவர் நாடகத்திலும் நடிக்கிறாரா? நடித்துக் களைத்தவர் ஓட்டினால் வேண்டவே வேண்டாம், எங்கள் வேன் ஒருமுறை சாலைத் தடுப்பை உரசியது அப்படித்தான். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை உண்டா, குழுவில் இன்னொரு பெண் இருக்கிறாரா? பணம் எப்போது, எழுத்தில் உண்டா? ஒரு நாடகத்துக்கு நீங்களே கூடப் போய்ப் பாருங்கள், முன்வரிசையில் உட்காராமல் மேடைக்குப் பின்னால் நில்லுங்கள். பிள்ளையை அவர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பதில் சரியாக வந்தால் அனுப்புங்கள். வேனை மட்டும் வீட்டு வாசலுக்கே வரச் சொல்லுங்கள். வாசல் விளக்கையும் போட்டு வையுங்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் போய்விடாதீர்கள் அக்கா. அது எந்தக் குழு என்று நான் இன்னும் கேட்கவே இல்லை.