தெமோதரை கற்பிக்கும் பாடம்



பதுளை செல்லும் புகையிரதம் தெமோதரையில் ஒரு விந்தை புரிகிறது. நிலையத்தை விட்டதும் குன்றைச் சுற்றி வளைந்திறங்கி, தான் சற்றுமுன் நின்ற நிலையத்தின் அடியிலேயே சுரங்கவழி செல்கிறது. நேரே இறக்கினால் சரிவு மிகக் கடுமையாகும். ஆகவே சுற்றி இறக்கினார்கள். உடற்பயிற்சி கற்பிப்போருக்கும் இதுவே முதற்பாடம். உடல் தாங்கும் சரிவை அறிந்தே வழி வகுத்தல் வேண்டும்.

பிலாட்டிஸ் என்னும் பயிற்சி முறையை இன்று பலரும் அறிவர். அதனை வகுத்த ஜோசப் பிலாட்டிஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர், இளமையில் நோயுற்றவர். முதல் உலகப் போரில் மான் தீவில் தடுத்து வைக்கப்பட்டவர். பின்னர் நியூயோர்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தி 1967இல் மறைந்தார். சீரான மூச்சு, நடுவுடலின் உறுதி, நிதானமான அசைவு ஆகியவையே இம்முறையின் சாரம். தொடங்குவதற்கு ஒரு பாய் போதும்.

தோட்டத்து மண்டபமொன்றில் மூன்று பெண்கள் பாய் விரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி கொழுந்து பறிப்பவள். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவில் நின்று கழுத்தும் இடுப்பும் களைத்தவள். மற்றொருத்தி கர்ப்பிணி. மூன்றாமவர் ஓய்வு பெற்ற மூதாட்டி. மூவருக்கும் ஒரே பயிற்சியைச் சொல்லலாமா? கூடாது.

கொழுந்து பறிப்பவள் மல்லாந்து, முழங்கால்களை மடித்து, மூச்சை வெளிவிட்டபடி இடுப்பை மெல்ல உயர்த்தட்டும். மூதாட்டிக்கு எலும்பு தேய்ந்திருக்கக் கூடும். முள்ளந்தண்டை முன்னே சுருட்டும் பயிற்சியும் வேகமாகத் திருகும் பயிற்சியும் அவருக்கு எலும்பு முறிவையே தரலாம். சுவரைப் பிடித்து நிமிர்ந்து நின்று குதிகாலை உயர்த்துதல் அவருக்கு நலம். கர்ப்பிணிக்கு முதலில் வைத்தியரின் அனுமதி வேண்டும். மாதம் ஏறியபின் நெடுநேரம் மல்லாந்திருந்தால் கருப்பை பெருநாளத்தை அழுத்தித் தலைசுற்றக்கூடும். ஒருக்களித்தோ அமர்ந்தோ செய்தல் தகும். இரத்த அழுத்தம் உடையோர் மூச்சை அடக்கலாகாது.

ஆகவே கற்பிப்பவர் முதலில் வாய் திறக்க வேண்டியது கட்டளையிடுவதற்கன்று, கேட்பதற்கே. "எங்கே நோவுது அக்கா?" என்று கேளுங்கள். நடையைப் பாருங்கள். பிறகு பாயை விரியுங்கள். தசை களைப்பது இயல்பு. கால்வழி மின்னலாய் ஓடும் வலி, மார்பிறுக்கம், தலைசுற்றல் ஆகியவை கண்டால் உடனே நிறுத்துங்கள். காலில் உணர்வு குன்றினாலோ, சிறுநீர் அடக்க இயலாது போனாலோ, ஒரு பொழுதும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

நாட்கூலியை நம்பி வாழும் வீட்டில் முதுகு பிடித்துக்கொண்டால் அன்றைய பேரும் போய்விடுகிறது. நலம் தரவந்த பயிற்சியே அதற்குக் காரணமாகலாமா? தெமோதரை வண்டி சுற்றித்தான் செல்கிறது. ஆயினும் பதுளையைச் சேர்கிறது.