விழுந்த கோபுரத்தின் இடத்தில்: ஈலி பேராலயம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் சிலருக்கு இது காலை, சிலருக்கு நள்ளிரவு. தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருப்பவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

இலக்கியக் கூட்டத்தில் ஒரு தேவாலயத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஒரு நண்பர், "கட்டடத்துக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். ஒரு கட்டடத்தின் கதையை யார் எழுதிவைக்கிறார்கள், எப்படி எழுதிவைக்கிறார்கள் என்பதுதான் சம்பந்தம். அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இங்கிலாந்தின் கிழக்கே, கேம்பிரிட்ஜுக்கு வடக்கில் ஈலி என்று ஒரு சிறிய ஊர். பல வருடங்களாக ரயிலில் போகும்போதெல்லாம் அந்தப் பேராலயத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சுற்றிலும் தட்டையான நிலம். அதன் நடுவே ஒரு மேடு. மேட்டின் மேல் நீண்டு கிடக்கும் ஒரு கல் மலை. அந்தப் பக்கத்து மக்கள் அதைச் 'சதுப்பு நிலத்தின் கப்பல்' என்று சொல்வார்கள். ஒருநாள் மாற வேண்டிய ரயிலைத் தவறவிட்டேன். அடுத்த ரயில் வரும்வரை என்ன செய்வது என்று மேடேறினேன். அன்று ஒரு ரயிலை அல்ல, மூன்று ரயில்களைத் தவறவிட்டேன்.

இன்று விளைநிலமாக இருக்கும் அந்தப் பகுதி ஒரு காலத்தில் நீரும் நாணலும் நிறைந்த சதுப்பு. 17ஆம் நூற்றாண்டில்தான் டச்சுப் பொறியாளர் வெர்மய்டன் தலைமையில் கால்வாய்கள் வெட்டி நீரை வடித்தார்கள். அதற்கு முன் ஈலி ஒரு தீவு. அங்கே ஏராளமாகக் கிடைத்த விலாங்கு மீனால்தான் ஊருக்கு அந்தப் பெயர் வந்தது என்று பீட் என்ற துறவி எழுதியிருக்கிறார். 731ல் முடித்த தன் வரலாற்று நூலில் ஈலியின் முதல் கதையைச் சொன்னவரும் அவர்தான்.

அது ஒரு பெண்ணின் கதை. கிழக்கு ஆங்கிலியா அரசன் அன்னாவின் மகள் எத்தெல்ட்ரெடா. இரண்டு முறை மணம் முடிக்கப்பட்டவள். இரண்டாவது கணவன் நார்தம்பிரியாவின் அரசன். இரண்டு திருமணங்களிலும் அவள் கன்னியாகவே வாழ்ந்தாள் என்கிறார் பீட். கடைசியில் அரச வாழ்வை விட்டுத் துறவு பூண்டு, 673ல் ஈலித் தீவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த ஒரு மடாலயத்தை நிறுவி அதன் தலைவியானாள். சில ஆண்டுகளில் கழுத்தில் கட்டி வந்து இறந்தாள். இளமையில் கழுத்து நிறைய நகை அணிந்ததற்கு இது தண்டனை என்று அவளே சொல்லிக்கொண்டாளாம். 16 ஆண்டுகள் கழித்து, அடுத்த தலைவியான அவள் அக்கா, உடலை ஆலயத்துக்குள் மாற்ற விரும்பினாள். தீவில் கல் கிடையாது. துறவிகள் படகில் போய், பாழடைந்து கிடந்த ஒரு பழைய குடியிருப்பின் மதிலருகே வெண்பளிங்குப் பெட்டி ஒன்றைக் கண்டெடுத்து வந்தார்கள்.

சொல் ஆர்வலர்களுக்கு ஒரு துணுக்கு. எத்தெல்ட்ரெடாவின் பேச்சுவழக்குப் பெயர் ஆட்ரி. செயின்ட் ஆட்ரி திருவிழாச் சந்தையில் கழுத்தில் கட்டும் பட்டுப் பின்னல் விற்பார்கள். நாளடைவில் அது மலிவுச் சரக்கானது. 'செயின்ட் ஆட்ரி' தேய்ந்து 'டாட்ரி' ஆனது. பகட்டான மட்டமான பொருளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. நகையை நினைத்து வருந்திய பெண்ணின் பெயர் மலிவு நகைக்கு அடைமொழியாகிவிட்டது. மொழிக்கு இரக்கம் கிடையாது.

870ல் டேனியர்கள் அந்த மடாலயத்தை அழித்தார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 970ல், வின்செஸ்டர் ஆயர் எத்தெல்வோல்ட் அதை பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக மீண்டும் தொடங்கினார். இன்று நாம் பார்க்கும் கட்டடம் நார்மானியர் வந்த பிறகு, 1080களில், மடாதிபதி சிமியோன் தொடங்கியது. அப்போது அவர் தள்ளாத முதியவர். தான் பார்க்க முடியாத ஒன்றைத் தொடங்கிவைத்தார். 1109ல் ஈலிக்கு ஆயர் வந்தார். மடத்தின் ஆலயமே பேராலயமும் ஆனது.

கல் எங்கிருந்து வந்தது? பார்னக் என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து நீர்வழியாக. சுரங்கம் பீட்டர்பரோ மடத்துக்குச் சொந்தம். அதற்கு ஈலி மடம் கொடுத்த விலை ஆண்டுக்கு 8000 விலாங்கு மீன்கள். அந்தச் சுவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மீன்களும் நினைவுக்கு வரும்.

இப்போது உள்ளே போவோம். மேற்கு வாசலில் நுழைந்தால் நீண்ட நடுக்கூடம். அது 12ஆம் நூற்றாண்டு. அரைவட்ட வளைவுகள், தடித்த தூண்கள். கோதிக் முறைக்கு முந்திய ரோமானெஸ்க் பாணி அது. கிழக்குக் கோடியில், எத்தெல்ட்ரெடாவின் கல்லறையை நாடி வந்த யாத்ரீகர்களுக்காக 1234 முதல் 1252 வரை ஆயர் ஹியூ கட்டிய பகுதி இருக்கிறது. அங்கே வளைவுகள் கூர்மையாகிவிடுகின்றன. தூண்கள் மெலிகின்றன. ஜன்னல்கள் பெரிதாகின்றன. இதுதான் கோதிக். பாரத்தைச் சுவர் முழுவதும் சுமக்காமல், கூர்வளைவுகளும் கல் விலா எலும்புகளும் சில இடங்களுக்கு மட்டும் கடத்திவிடும். சுமை குறைந்த சுவரைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில், சிலுவையின் கைகள் சந்திக்கும் இடத்தில், நார்மானியர் கட்டிய ஒரு கோபுரம் இருந்தது. சதுப்பு நிலத்து மேட்டில் நான்கு தூண்களின் மேல் அத்தனை கல். 1321ல் அருகிலேயே மாதா சிற்றாலயத்துக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். அதுவும் மண்ணை அசைத்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். 1322 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு கடந்து 13 விடியும் முன், துறவிகள் இரவு வழிபாட்டை முடித்துப் படுக்கப் போகும் நேரத்தில், கோபுரம் சரிந்து விழுந்தது. நிலநடுக்கம் என்றே நினைத்தார்களாம். யாருக்கும் காயமில்லை. ஆனால் ஆலயத்தின் நடுவயிறு போய்விட்டது.

கட்டடத்தின் பொறுப்பு ஆலன் ஆஃப் வால்சிங்கம் என்ற துறவியிடம் இருந்தது. மடத்தில் அவர் வகித்த பதவிக்கு சாக்ரிஸ்ட் என்று பெயர். ஆலயத்தின் பாத்திரம், மெழுகுவர்த்தி முதல் கூரை வரை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவர். மடத்தின் வரலாற்றேடு அன்றைய அவரைக் காட்டுகிறது. துயரத்தில் ஆழ்ந்து, எந்தப் பக்கம் திரும்புவது, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார் என்கிறது.

அவர் அதே கோபுரத்தைத் திரும்பக் கட்டியிருக்கலாம். அதுதான் எல்லோரும் செய்யக்கூடியது. இருந்ததை இருந்தபடியே மீட்டுவிட்டால் விழுந்ததே இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? ஆனால் ஈலியில் உடைந்த நான்கு தூண்களின் அடியையும் அகற்றினார்கள். அவற்றுக்கு வெளியே, இன்னும் அகலமாக, எட்டுத் தூண்களை எழுப்பினார்கள். சதுரம் எண்கோணம் ஆனது. குறுக்கே சுமார் 22 மீட்டர் திறந்த வெளி. கல் வேலை 1328ல் முடிந்தது.

அத்தனை அகலத்தைக் கல்லால் மூடுவது அவர்களால் ஆகாத காரியம். அதனால் மரத்துக்குப் போனார்கள். லண்டனில் அரசருக்கு வேலை செய்த தச்சர் வில்லியம் ஹர்லியை அழைத்தார்கள். அவர் எட்டுப் பிரமாண்டமான ஓக் மரங்களை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 63 அடி, நிமிர்த்தி நிறுத்தினார். அதன் மேல் ஜன்னல்கள் கொண்ட விளக்குக்கூடு. கீழே எந்தத் தாங்கலும் இல்லை. சுற்றியுள்ள கல் தூண்களிலிருந்து வரும் சாய்வு உத்திரங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நாம் அண்ணாந்து பார்க்கும் அழகான விலா எலும்புகள் பெரும்பாலும் திரைதான். உண்மையில் சுமக்கும் மரங்கள் அவற்றுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. விளக்குக்கூட்டின் மூலைகள் கீழே உள்ள எண்கோணத்தின் மூலைகளுக்கு நேராக இல்லாமல் சற்றுத் திரும்பியிருக்கும். அதனால் பார்ப்பவருக்கு அது மெல்லச் சுழல்வதுபோல் தோன்றும். 1342 வாக்கில் எல்லாம் முடிந்தது. விழுந்ததிலிருந்து இருபது ஆண்டுகள்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். இதைக் கட்டியது யார்? புத்தகங்களைத் திறந்தால் ஆலன் என்றே இருக்கும். ஒரு துறவியின் மேதைமை, கண்ணீரிலிருந்து பிறந்த கனவு. வரலாற்றேடு அப்படித்தான் சொல்லும். ஏனென்றால் அதற்கு ஒரு நாயகன் வேண்டும். ஆனால் ஈலி மடம் இன்னொரு வகை எழுத்தையும் விட்டுப்போயிருக்கிறது. அது சாக்ரிஸ்டின் கணக்குச் சுருள்கள். அதில் உணர்ச்சியே கிடையாது. ஹர்லிக்கு ஆண்டுக்கு 8 பவுண்டு. விளக்குக்கூட்டின் உச்சியில், வெளிச்சத்தின் நடுமையத்தில் இருக்கும் கிறிஸ்துவின் உருவத்தைச் செதுக்கிய ஜான் ஆஃப் பர்வெல் என்பவருக்கு 2 ஷில்லிங்கும் சாப்பாடும். அவ்வளவுதான்.

அந்த 2 ஷில்லிங் இல்லையென்றால் ஜான் என்ற பெயர் நமக்கு வந்திருக்காது. ஆலன் அழுததை வரலாற்றேடு எழுதியது. அடுத்த நாள் காலை அவர் என்ன செய்தார் என்பதைக் கணக்குதான் எழுதியது. நாம் இலக்கியம் என்று முதலாவதை மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு இரண்டாவதும் இலக்கியமாகப் படுகிறது. மேதையின் கனவு உண்மையாக இருக்கலாம். ஆனால் அதைத் தாங்கி நிறுத்தியது கூலி, மரம், சாப்பாடு, இவற்றை இருபது ஆண்டுகள் தவறாமல் குறித்துவைத்த ஒரு மடத்தின் ஒழுங்கு. கண்ணுக்குத் தெரியாத அந்த உத்திரங்களைப் போல.

ஆலன் பின்னர் மடத்தலைவர் ஆனார். துறவிகள் அவரை ஆயராகவும் தேர்ந்தெடுத்தார்கள். போப் வேறொருவரை நியமித்துவிட்டார். மாதா சிற்றாலயத்தைக் கட்டி முடித்த துறவி ஜான் ஆஃப் விஸ்பெக், அது முடிந்த 1349லேயே கொள்ளைநோயில் இறந்தார்.

பிறகு 1539. எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்தபோது ஈலி மடமும் மூடப்பட்டது. கட்டடம் தப்பியது, ஏனென்றால் அது பேராலயமும்கூட. 1541ல் புதிய அமைப்பின் கீழ் அது தொடர்ந்தது. மடத்தின் கடைசித் தலைவரே பேராலயத்தின் முதல் டீன் ஆனார். அதே ஆண்டு ஆயர் குட்ரிச்சின் ஆணைப்படி உருவங்களை உடைத்தார்கள். எத்தெல்ட்ரெடாவின் கல்லறை போயிற்று. மாதா சிற்றாலயத்தின் சுவர் முழுக்க நிறைந்திருந்த சிறு சிற்பங்களின் தலைகளைப் பொறுமையாக, ஒவ்வொன்றாக உடைத்திருக்கிறார்கள். இன்றும் அப்படியே இருக்கின்றன. மடத்தின் மருத்துவக்கூடம் கூரை இழந்து தெருவாகிவிட்டது. அதன் வளைவுகள் வீட்டுச் சுவர்களுக்குள் புதைந்து நிற்கின்றன. இன்னொன்றையும் நீங்கள் வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் கவனிப்பீர்கள். மேற்கு முகப்பு ஒருபக்கம் குறைந்திருக்கும். அதன் வடக்குக் கை ஒரு காலத்தில் இடிந்தது. அதை யாரும் திரும்பக் கட்டவில்லை.

ஆக, ஒரே கூரைக்கடியில் இழப்புக்கு மூன்று பதில்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் விழுந்ததற்குப் பதிலாக வேறொன்றைக் கட்டினார்கள். ஓரிடத்தில் காயத்தை மறைக்காமல் விட்டார்கள். ஓரிடத்தில் கட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை, குறையோடு வாழப் பழகினார்கள். எது சரி என்று நான் சொல்லமாட்டேன். மூன்றுக்கும் மனிதர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முதலாவதற்கு மட்டும் இருபது வருடக் கணக்கேடு தேவைப்படுகிறது.

போனால் அந்த எண்கோணத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள். நீங்கள் நிற்கும் இடம்தான் கோபுரம் விழுந்த இடம். விழாமல் இருந்திருந்தால் உங்கள் தலைக்கு மேல் அந்த வெளிச்சம் இருந்திருக்காது. கழுத்து வலிக்கும். பரவாயில்லை, அடுத்த ரயில் வரும்.