ஸ்பீக்கருக்குக் கீழே ரப்பர், கீழ்வீட்டுக்கு நிம்மதி

(சிவகிரியில் நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



அடுக்குமாடி வீடுகளில் ஒரு புகார் அடிக்கடி வரும். “பாட்டு கேட்கல, ஆனா திம்திம்னு கட்டில் வரைக்கும் அதிருது.” மேல்வீட்டு அண்ணாச்சியிடம் கேட்டால், “மெதுவாத்தானே வச்சிருக்கேன்” என்பார். கீழ்வீட்டு அக்கா, “பிள்ளை தூங்கலையே” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். அது எப்படி என்பதைப் பார்ப்போம்.

உங்கள் கைப்பேசியை வைப்ரேஷனில் போட்டு இரும்பு பீரோ மேல் வையுங்கள். அழைப்பு வந்தால் பீரோவே உறுமும். அதே கைப்பேசியை மடித்த துண்டின் மேல் வைத்தால் சத்தம் அடங்கிவிடும். மோட்டார் மாறவில்லை, அதிர்வு போகும் வழிதான் அடைபட்டது.

ஸ்பீக்கரும் இப்படித்தான். கூம்பு முன்னே தள்ளும்போது பெட்டி பின்னே உதைபடும். அந்த உதை பெட்டியின் கால் வழியாகத் தரைக்குப் போகும். நமக்குத் தரை, கீழ்வீட்டுக்கு அதுவே கூரை. அதிர்வு தாங்கும் ரப்பர் கால்கள் இந்த வழியை மறிப்பதற்கு உள்ளவை. குஜராத்தில் 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் இடிந்த பூஜ் மருத்துவமனையைத் திரும்பக் கட்டியபோது, கட்டடத்தையே ரப்பர் தாங்கிகள் மேல் நிறுத்தினார்கள். அங்கே நிலம் ஆடுவது கட்டடத்துக்குள் ஏறக்கூடாது; இங்கே பெட்டி ஆடுவது தரைக்குள் இறங்கக்கூடாது. தத்துவம் ஒன்றுதான்.

ஆனால் காசு செலவழிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சத்தம் கீழே போக இரண்டு வழி உண்டு: ஒன்று தரை, இன்னொன்று காற்று. ரப்பர் கால் தரை வழியை மட்டும்தான் அடைக்கும். உங்கள் வீட்டில் எந்த வழி என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை இருக்கிறது. கீழ்வீட்டுக்காரரை அவர் வீட்டிலேயே உட்காரச் சொல்லுங்கள். பாஸ் அதிகமுள்ள ஒரு பாட்டைப் போடுங்கள். முதலில் ஸ்பீக்கர் வழக்கமான இடத்தில் இருக்கட்டும். பிறகு வால்யூமைத் தொடாமல், அதே இடத்தில் நன்றாக மடித்த மெத்தை மேல் தூக்கி வையுங்கள். கீழே அதிர்வு குறைந்தால் ரப்பர் கால் பலன் தரும். மாற்றமே இல்லையென்றால் அது காற்று வழி. எத்தனை விலையுள்ள கால் வாங்கினாலும் வீண்.

வாங்குவதென்றால் எடை பார்த்து வாங்குங்கள். பாஸ் ஒலி பெரும்பாலும் விநாடிக்கு 40 முதல் 100 அதிர்வுகள், அதாவது 40 முதல் 100 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கரின் எடையில் ரப்பர் 1 மில்லிமீட்டர் அமுங்கினால், பெட்டியும் ரப்பரும் சேர்ந்து ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸில் ஆடும் இயல்பு பெறும். 50 ஹெர்ட்ஸ் பாஸ் அதைப்போல மூன்று மடங்கு வேகம். அப்போது கணக்குப்படி உதையில் எட்டில் ஒரு பங்குதான் தரைக்குப் போகும். நடைமுறையில் பலன் இதைவிடக் கொஞ்சம் குறையும். அதே ரப்பர் கட்டியாக இருந்து 0.1 மில்லிமீட்டர் மட்டுமே அமுங்கினால், ஆடும் இயல்பு 50 ஹெர்ட்ஸுக்கே வந்துவிடும். ஊஞ்சலை ஆடும் நேரம் பார்த்துத் தள்ளியதுபோல, அதே பாஸ் முன்னைவிடக் கூடும்!

12 கிலோ பெட்டிக்கு நான்கு கால் என்றால், ஒவ்வொன்றும் தாங்குவது 3 கிலோ. 15 கிலோ தாங்கும் கால்களை வாங்கினால் அவை அமுங்கவே அமுங்காது. மிகவும் மெதுவாக இருந்து சப்பையாகிவிட்டாலும் பலனில்லை. ஸ்பீக்கருக்கு அடியில் திருகும் இரும்புக் கூர்முனைகள் அதிர்வைத் தடுப்பதில்லை. பெட்டியைத் தரையோடு இறுகப் பிடிக்கத்தான் அவை. உயரமான ஸ்பீக்கரை மெத்தென்ற ரப்பர் மேல் நிறுத்தும்போது, குழந்தைகள் இழுத்தால் சாயுமா என்றும் பாருங்கள்.

காற்று வழிக்கு மருந்து வேறு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். ஜன்னல் திரையெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. ஸ்பீக்கரை அறையின் மூலையிலிருந்து வெளியே நகர்த்துங்கள், பாஸைக் குறையுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். தனியார் ஒலிக்கருவியின் சத்தம் அவரது இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. ஆனால் இந்த அளவீடு மனிதக் காதுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துத்தான் காட்டும். ஆகவே மீட்டர் “சரி” என்று சொன்னாலும், கீழே ஒருவர் தூங்காமல் புரண்டுகொண்டிருக்கலாம். மீட்டரைவிட அவர் சொல்லைத்தான் நாம் நம்ப வேண்டும்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். புகார் வந்தால் சங்கத்துக்குக் கடிதம் எழுதும் முன், இரண்டு வீட்டாரும் சேர்ந்து அந்த மெத்தைச் சோதனையைச் செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை. வாஷிங் மெஷின், கிரைண்டர் அதிர்வுக்கும் இதே கணக்குதான். பாட்டு கேட்கும் ஆசையும் இருக்கட்டும், கீழ்வீட்டுப் பிள்ளையின் தூக்கமும் இருக்கட்டும்.