தமிழின் இடத்திலா, தமிழின் மேலா?

(தாய்மொழிக் கல்விக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பள்ளிகளில் அயன்மொழி கற்பிப்பதைத் தனித்தமிழ் இயக்கம் எதிர்க்கிறது என்றொரு பேச்சு நெடுநாளாக உலவி வருகின்றது. அஃது உண்மையன்று. தமிழுக்குள் அயன்மொழிச் சொற்களைக் கொண்டு கலப்பது வேறு. தமிழ் மாணவன் அயன்மொழியை அயன்மொழியாகவே நின்று கற்பது வேறு. முன்னது நோய்; பின்னது செல்வம். மொழிஞாயிறு பாவாணர் பன்மொழிகளைப் பயின்றது தமிழைக் கைவிடுவதற்கன்று. தமிழின் வேரைத் தோண்டிக் காண்பதற்கே.

சாவி, சன்னல், அலமாரி, மேசை ஆகிய நான்கும் போர்த்துகீசியச் சொற்கள். இவற்றைத் தமிழென்றே எண்ணிப் பேசுவோர் இன்றும் பலர். திறவுகோலும் பலகணியும் இருந்த வீட்டுக்குள் இவை எவ்வழியாகப் புகுந்தன என்று காட்டுதற்குப் போர்த்துகீசியம் அறிந்த தமிழன் வேண்டாவோ? களையின் முகம் அறியாதவன் களையெடுக்கப் புகுந்தால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவான்.

தனிநாயக அடிகளார் ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றவர். அதனாலன்றோ, 1679-இல் அச்சான அந்தாம் தெ புரோயென்சா என்பாரின் தமிழ்–போர்த்துகீசிய அகரமுதலியை வாத்திகன் நூலகத்தில் இனங்கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர அவரால் முடிந்தது! செருமனியின் ஆல்லே நகரில், தரங்கம்பாடியிலிருந்து சென்ற தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. கார்ல் கிரவுல் 1856-இல் திருக்குறளைச் செருமானியத்தில் பெயர்த்தார். பிரான்சுவா குரோ பரிபாடலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1968-இல் வெளியிட்டார். பாரிசின் தேசிய நூலகத்திலும் தமிழ்ச் சுவடிகள் உள்ளன. இவற்றையெல்லாம் பிறர் சொல்லக் கேட்டு மகிழ்வதோடு தமிழர் நின்றுவிடுவதா? அம்மொழிகளைக் கற்ற தமிழ்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். இந்த வேட்கையோடு அயன்மொழி வகுப்பு நடக்குமானால் அதனை எதிர்ப்பவர் யாருமிலர்.

ஆனால் தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகளில் நடப்பது என்ன?

பதினொன்றாம் வகுப்பில் மாணவன் ‘பகுதி 1’ என்னும் மொழிப்பாடத்தைத் தேர்கின்றான். பத்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவனும் அங்கே தமிழை விட்டுவிட்டுப் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்ப் பாடம் பன்னீராண்டுப் படிப்பின் முடிமேல் நிற்பது. பிரெஞ்சுப் பாடமோ, அதுவரை ஓர் எழுத்தும் அறியாதவன் ஈராண்டில் தேறுமளவுக்கு அமைந்தது. இரண்டுக்கும் மதிப்பெண் ஒன்றே! மலையேறியவனுக்கும் திண்ணையேறியவனுக்கும் ஒரே பரிசு என்றால், திண்ணைப் பக்கம் கூட்டம் கூடாமல் என்ன செய்யும்? பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. பெற்றோரைக் குறை சொல்லியும் பெரும்பயனில்லை. கணக்குத் தெரிந்தவர்கள் கணக்குப் பார்க்கிறார்கள். கணக்கை அப்படி அமைத்தவர்களையே கேட்க வேண்டும்.

இதில் பிரெஞ்சாவது வளர்கின்றதா என்றால் அதுவும் இல்லை. வினாவும் விடையும் மனப்பாடம். தேர்வு முடிந்த மறுநாளே மறதி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பெற்ற மாணவன் ஒரு பிரெஞ்சுக்காரரைக் கண்டால் பெயர் சொல்லவும் திணறுகின்றான். அங்கே கற்பிக்கப்படுவது பிரெஞ்சன்று. தமிழைத் தவிர்க்கும் வழி.

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015–16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. நல்ல சட்டம். ஆயினும் பத்தாம் வகுப்போடு அது நின்றுவிட்டது. சிலப்பதிகாரத்தின் சுவையை உணரத்தக்க அகவை எதுவோ, அந்த அகவையில் தமிழை விட்டு வெளியேற வாயிற்கதவு திறந்தே கிடக்கின்றது.

நடுவணரசின் வழியோ வேறு. 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவிலேயே, கேந்திரிய வித்தியாலயங்களில் மூன்றாம் மொழியாக இருந்த செருமானியம் நீக்கப்பட்டுச் சமற்கிருதம் அமர்த்தப்பட்டது. 2019-இல் வெளியான கல்விக் கொள்கை வரைவில் சீனமும் அயன்மொழிகளுள் ஒன்றாக இருந்தது. 2020-இல் வந்த இறுதிக் கொள்கையின் பட்டியலில் அதனைக் காணோம். எந்த மொழி வரும், எந்த மொழி போகும் என்பதில் மாணவனின் நலத்துக்கு இடமே இல்லை. இங்கிலாந்திலும் 2004 முதல் பதினான்கு அகவைக்குமேல் அயன்மொழி கட்டாயமில்லை என்றாயிற்று. பிரெஞ்சும் செருமானியமும் அங்கே சரிந்தன. உலகமே தன் மொழியைப் பேசும் என்றிருப்பவனுக்கு அந்தச் சோம்பல் தாங்கும். தமிழனுக்குத் தாங்காது.

இனி, கற்பிக்கும் முறையைப் பாருங்கள். இங்கேதான் பெருங்கேடு இருக்கின்றது. தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சை ஆங்கிலத்தின் வழியாகக் கற்பிக்கின்றனர். பக்கத்து வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுவது போன்றது இது.

பிரெஞ்சில் ‘து’ என்றால் நீ. ‘வூ’ என்றால் நீங்கள். ஒருவரை மதித்துச் சொல்லவும் பலரைக் குறிக்கவும் அந்த ‘வூ’ ஒன்றே வரும். தமிழ்க் குழந்தைக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? ‘நீ, நீங்கள்’ என்ற ஒரு வரியில் முடிந்தது. இன்றைய ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் ஒரே சொல்; அதன் வழியாக விளக்கப் புகுந்தால் அரை வகுப்பு போய்விடும். வினைமுற்றை எடுத்துக்கொண்டால், பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று தமிழில் ஈறு மாறுவதுபோலப் பிரெஞ்சு எழுத்திலும் மாறும். எசுப்பானியம் இன்னும் ஒருபடி மேல். வினையின் ஈறே ஆளைக் காட்டிவிடுவதால் எழுவாயைச் சொல்லாமலே பேசுவர். தோன்றா எழுவாய் படித்த பிள்ளைக்கு அது புதுமையா?

ஒலிப்பும் அவ்வாறே. ஆங்கிலேயர் சொன்முதலில் ககர, பகரங்களை மூச்சுத் தள்ளி ஒலிப்பர்; பிரெஞ்சுக்காரர் தமிழரைப் போல மூச்சு வெடிக்காது ஒலிப்பர். பிரெஞ்சுத் தகரம் நா பல்லைத் தொடப் பிறப்பது. தொல்காப்பியப் பிறப்பியல் கற்ற ஆசிரியர் ஒருவர் இதனை ஒரு நாளில் உணர்த்திவிடுவார். ஆங்கில வாயால் பிரெஞ்சு கற்ற பிள்ளைக்கு இரண்டும் கெடும்.

வேறுபடும் இடத்திலும் தமிழே விளக்கம் தரும். பிரெஞ்சில் நூல் ஆண்பால், மேசை பெண்பால்! பகுத்தறிவுக்குப் பெயர்போன நாட்டில் மேசை எப்படிப் பெண்ணாயிற்று என்று மாணவன் சிரிப்பான். சிரிக்கட்டும். உயர்திணை, அஃறிணை என்று பொருள்நோக்கிப் பகுத்த தமிழ் இலக்கணத்தின் பெருமை அந்தச் சிரிப்பிலேயே அவனுக்கு விளங்கும். பால் என்பது சொல்லளவாய் நிற்கும் மொழிகளும் உண்டென்பதும் விளங்கும். சப்பானியத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை அப்படியே தமிழ் வரிசை. உருபும் பெயருக்குப் பின்னரே வரும். அதைப் போய் ஆங்கிலத் தொடரமைப்பில் தலைகீழாக்கிக் கற்பிப்பது என்ன அறிவுடைமை?

புதுவையில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கர், 1736 முதல் 1761 வரை தம் நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். அந்த நடை கலப்புத்தமிழ், அதில் ஐயமில்லை. ஆயினும் பிறமொழியோடு நாளும் பழகியவர் தம் மொழியின் இடத்தை அதற்கு விட்டுக்கொடுக்கவில்லை.

ஆகவே அரசின்முன் வைக்கவேண்டியவை இவை: தமிழ் கற்றல் சட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும். பிரெஞ்சும் செருமானியமும் சப்பானியமும் தமிழுக்கு மாற்றாக அல்லாமல், விரும்புவோர்க்குக் கூடுதல் பாடமாக வேண்டும். பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும் அவ்வகுப்புகள், தமிழ்வழியில் பயிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டும். உழவன் மகனுக்குப் பிரெஞ்சு எதற்கு என்று கேட்பவர்கள், வணிகன் மகனுக்கு எதற்கென்று இதுவரை கேட்டதில்லை.

அவற்றுக்கான பாடநூலும் அகரமுதலியும் தமிழ்வழி அமைய வேண்டும். இது முடியாத செயலன்று. மூசே, துப்புயி என்னும் பிரெஞ்சுக் குருமார் இருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழ்–பிரெஞ்சு அகரமுதலி ஒன்றைத் தொகுத்துப் புதுவையில் அச்சிட்டனர். தமிழ்நாட்டுப் பிரெஞ்சு வகுப்பில் இன்று மாணவன் கையிலிருப்பதோ பெரும்பாலும் ஆங்கில–பிரெஞ்சு அகரமுதலியே.