திரையில் தொலைந்த புள்ளி

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்றார் தொல்காப்பியர். ஏட்டில் எழுதியோர் பெரும்பாலும் அதனை இடவில்லை. அத்தகைய ஏடுகளை ஒப்புநோக்கியே உத்தமதானபுரத்து உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கணினி வந்தபோது அந்த இடர் வேறு வடிவில் தலைகாட்டியது.

தொடக்ககாலப் பிட்மேப் எழுத்துருவில் ஒவ்வோர் எழுத்தும் சிறு கட்டங்களை நிரப்பிய வடிவம். சிறிய அளவில் மெய்ப்புள்ளிக்கு ஒரே கட்டந்தான் கிடைக்கும். உரோமன் எழுத்துக்கு அளந்த வரியுயரத்தில் அதுவும் மேல்விளிம்பில் வெட்டுண்ணும். 'பட்டம்' தேமா; புள்ளி போனால் 'படடம' கருவிளம். வெண்பாவின் தளை என்னாவது? கணினிக்கு யாப்புத் தெரியாதே!

வரியுயரத்தைக் கூட்டுவது முதற்படி. அடுத்தது பொறுமைக்குரியது: பெரிய எழுத்தைச் சுருக்காமல், அளவுதோறும் கட்டங் கட்டமாகப் புதிதாக வரைய வேண்டும், ண, ன இவற்றின் சுழிகள் அடைபடாமல் நடுவே வெற்றிடம் விட வேண்டும். கோலமிடும் கை அறிந்த வேலைதான்.

1991-இல் வந்த ட்ரூடைப், எழுத்தின் புறவரையைச் சேமித்து, வேண்டிய அளவுக்குக் கட்டங்களைத் தானே நிரப்பியது. அப்போதும் சிறிய அளவில் புள்ளியைக் காக்க எழுத்துருவுக்குள் தனிக் கட்டளைகள் தேவைப்பட்டன. வரியுயரம் குறைந்தால் இன்றும் அது வெட்டுப்படுவதுண்டு. தொகுப்பு அச்சேறுமுன் மெய்ப்பைத் தாளில் எடுத்தே பாருங்கள்.