ஓடி முடித்தவரிடம் என்ன கேட்பது?



பட்டமளிப்பு மேடையில் நீதிபதியை நிறுத்துவார்கள், விஞ்ஞானியை நிறுத்துவார்கள். விளையாட்டு நிருபரை நிறுத்துவது வழக்கமில்லை. உங்கள் கல்லூரி முதல்வர் என்னை அழைத்தபோது, "விளையாட்டு வீரர்களை முன்மாதிரியாக வைத்துப் பேசுங்கள், பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்" என்றார். தலைப்பை மாற்றவில்லை. ஆனால் அவர் எதிர்பார்த்த பேச்சாக இது இருக்குமா என்பதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது.

1993இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் சார்லஸ் பார்க்லி, நைக்கி நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றில் நேராகக் கேமராவைப் பார்த்து, தான் யாருக்கும் முன்மாதிரி இல்லை என்று சொன்னார். பந்தாடத்தான் தனக்குச் சம்பளம், பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டியவர்கள் பெற்றோர்கள் என்பது அவர் வாதம். பெரிய சர்ச்சை ஆனது. கார்ல் மலோன் என்ற இன்னொரு வீரர் பதிலுக்கு எழுதினார்: முன்மாதிரியாக இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நாம் இல்லை, பார்க்கிறவர்கள்தான். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இடையில் நைக்கி காலணிகளும் விற்றன என்பது வேறு விஷயம். ஆனால் இந்தச் சண்டையில் இருவருமே ஒருவரைப் பற்றிப் பேசவில்லை. வீரருக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அதாவது, நான். விஸ்காம் முடித்த உங்களில் சிலர் நாளைக்கு. கையில் போன் இருக்கிற மற்ற எல்லோரும் இன்றைக்கே.

பெரிய தடகளப் போட்டிகளில் 'மிக்ஸ்டு ஜோன்' என்று ஓர் இடம் உண்டு. ஓடி முடித்தவர்கள் உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் இடுப்பளவு தடுப்பு போட்டிருப்பார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நிருபர்கள், அந்தப் பக்கம் வீராங்கனை. ஸ்பைக்ஸைக் கழற்றிக் கையில் பிடித்திருப்பார். மார்பில் ஊக்கு குத்திய எண் தாள் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூச்சு இன்னும் சீராகியிருக்காது. அவர் முகத்துக்கு நேராகப் பத்துப் பன்னிரண்டு போன்கள் நீளும். முதல் கேள்வி: "இப்போது எப்படி உணர்கிறீர்கள்?" இரண்டாவது கேள்வி: "அப்பா என்ன வேலை செய்கிறார்?"

அந்த இரண்டாவது கேள்விக்கான பதிலில்தான் மறுநாள் செய்தியே பிறக்கிறது. கூலி வேலை என்றால் முதல் பக்கம். அப்பாவுக்கு வங்கியில் வேலை என்றால் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரி. அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும்: "ஸ்டோரி இருக்கா?" ஓட்டத்தைப் பற்றி அவர்கள் கேட்பதில்லை. வீட்டுக்குப் போய் அம்மா அடுப்பு ஊதுவதைப் படம் எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. ஒரே இரவில் ஒரு முன்மாதிரி தயார்.

சாந்தி சௌந்தரராஜனின் கதையை இந்த இடத்தில்தான் சொல்ல வேண்டும். நீங்கள் அப்போது கைக்குழந்தைகள், அதனால் விவரமாகவே சொல்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர். பெற்றோர் செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டர், மறுபடியும் வெள்ளி. 2 நிமிடம் 3.16 வினாடி. மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் வீராங்கனையை 0.03 வினாடியில் முந்தினார். கண் இமைக்கும் நேரம்கூட அதைவிட அதிகம்.

சில நாட்கள் தமிழ்நாடே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. செங்கல் சூளை என்ற சொல் இல்லாத செய்தியே அப்போது இல்லை. பிறகு பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று அறிவித்தார்கள், பதக்கத்தைப் பறித்தார்கள். அந்தச் செய்தி அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். எந்த அதிகாரியும் அறைக்குள் அழைத்து உட்கார வைத்துச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியவர் தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொண்டார். தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை ஒரு பெண் ஊரோடு சேர்ந்து டிவியில் கேட்கிறார்.

சோதனையில் என்ன இருந்தது என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவர் மருத்துவர் அவரிடம் சொல்ல வேண்டியது. அன்றைக்கு நாட்டில் பாதிப் பேர் அதைப் பற்றிக் கருத்துச் சொன்னார்கள். இஞ்சியோனில் ஓடியதும் இதே உடம்புதானே, அப்போது ஏன் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டவர்கள் குறைவு. மருத்துவ அறிக்கை எப்படி வெளியே கசிந்தது என்று கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. அந்த 0.03 வினாடி எந்த வளைவில், எந்த நேர்கோட்டில் கிடைத்தது என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தமிழக அரசு தான் அறிவித்த 15 லட்சம் ரூபாய் பரிசை அவருக்கே கொடுத்தது. இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அந்தப் பணத்தில் அவர் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். பணம் தீர்ந்தது, கிடைத்த ஒப்பந்த வேலையும் நிலைக்கவில்லை. 2012இல் அவரே செங்கல் சூளையில் கூலிக்குப் போனார். ஊடகம் மறுபடி வந்தது. ஆறு வருடம் முன்பு வெற்றிக்கு அலங்காரமாக இருந்த அதே சூளை, இப்போது பரிதாபத்துக்கு அலங்காரம் ஆனது. வாழ்ந்தாலும் ஏசும், தாழ்ந்தாலும் ஏசும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே நடந்தது ஏச்சுகூட இல்லை. ஒரு தடவை அவரைப் பாராட்டியபடியும் மறு தடவை அவருக்காக இரங்கியபடியும்தான் அதைச் செய்தார்கள்.

பிறகு அவர் முறையாகப் பயிற்றுநர் பட்டயம் படித்து, 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநர் ஆனார். அதற்கு முன்பே, 2014இல், ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை தூத்தி சந்த்தை இதே போன்ற காரணத்துக்காகக் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. விளையாட்டுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2015 ஜூலையில், அவரை நீக்கக் காரணமான விதியையே தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. அவருக்குப் பக்கபலமாக நின்றவர்களுக்குச் சாந்திக்கு நேர்ந்தது நன்றாக நினைவிருந்தது.

அப்படியானால் கேள்வியே கேட்கக் கூடாதா? டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். 2021 பிரெஞ்சு ஓபனில், மனநலம் கருதிப் பத்திரிகையாளர் சந்திப்புக்கு வர மாட்டேன் என்று அறிவித்தார். முதல் சுற்றில் வென்ற கையோடு 15,000 டாலர் அபராதம். தொடர்ந்தால் போட்டியிலிருந்தே நீக்குவோம் என்று நான்கு கிராண்ட்ஸ்லாம் அமைப்புகளும் சேர்ந்து எச்சரித்தன. மறுநாள் அவரே விலகிவிட்டார். 2018இலிருந்து மனச்சோர்வோடு போராடி வருவதையும் அப்போதுதான் வெளியே சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் தீபத்தை ஏற்றியதும் அவர்தான். என் சக நிருபர்கள் பலருக்கு அவர் மேல் கோபம். எனக்கு ஒசாகாவின் மேல் கோபம் வரவில்லை. ஆனால் கேள்வி கேட்கும் அறையையே பூட்டிவிடலாம் என்பவர்களோடும் நான் இல்லை. காரணம் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்.

புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து, 1999 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொடர்ந்து ஏழு முறை வென்றவர். உலகம் முழுக்க மஞ்சள் ரப்பர் பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு அவரைக் கொண்டாடியது. டேவிட் வால்ஷ் என்ற நிருபரோ 1999லேயே, இந்த வேகம் எப்படிச் சாத்தியம் என்று கேட்கத் தொடங்கினார். கூட இருந்த நிருபர்களே அவரைத் தங்கள் காரிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆம்ஸ்ட்ராங்கின் பேட்டி கிடைக்காதே! அவர் எழுதிய சண்டே டைம்ஸ் பத்திரிகை அவதூறு வழக்கில் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 2012இல் ஏழு பட்டங்களும் பறிபோயின. 2013 ஜனவரியில் ஆம்ஸ்ட்ராங் டிவியில் உட்கார்ந்து ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டார்.

ஒசாகா, ஆம்ஸ்ட்ராங் இருவரின் கதையையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் தொழிலின் கோளாறு தெரியும். வேலையைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில் கை கட்டி நிற்கிறோம். வாழ்க்கையைப் பற்றிக் கேட்கக் கூடாத இடத்தில் முண்டியடித்துக்கொண்டு நுழைகிறோம். ஏழு முறை வென்றவரிடம் ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கத் தயக்கம். இருபத்து மூன்று வயது ஒசாகா போன்ற பெண்ணிடம், அவர் தோற்ற அரை மணி நேரத்தில் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்க மட்டும் தயக்கம் இல்லை.

மல்யுத்த வீராங்கனைகள் விஷயமும் அப்படித்தான் நடந்தது. மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் சொல்லி 2023 ஜனவரியில் வினேஷ் போகாட்டும் சாக்ஷி மாலிக்கும் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் 'நாட்டின் மகள்கள்'. உட்கார்ந்த பிறகு, "விளையாட்டு வீரர்களுக்கு எதற்கு அரசியல்?" என்றார்கள். மே மாதம் போலீஸ் அவர்களைத் தெருவில் இழுத்துப் பிடித்தது. பதக்கங்களைக் கங்கையில் போட ஹரித்வார்வரை போனார்கள், தலைவர்கள் சிலர் சமாதானம் சொல்லி நிறுத்தினார்கள். டிசம்பரில் கூட்டமைப்புத் தேர்தலில் அதே தலைவரின் ஆள் ஜெயித்ததும், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய சாக்ஷி, நிருபர்கள் முன்னால் தன் மல்யுத்தக் காலணிகளை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஓய்வை அறிவித்தார். சிரித்துக்கொண்டு போஸ்டரில் இருக்கும்வரைதான் முன்மாதிரி, வாயைத் திறந்தால் வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் மரியாதை இல்லை. அந்தக் கூட்டமைப்பின் பயிற்சி முகாம்களில் என்ன நடக்கிறது என்று முன்பே நாலு பேர் விடாமல் கேட்டிருந்தால் அவர்கள் தெருவுக்கு வர வேண்டியிருந்திருக்காது என்பது என் எண்ணம்.

சரி, முதல்வர் கேட்டதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வீரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லையா? நிறைய இருக்கிறது, அவர்கள் வேலை செய்யும்போது பார்த்தால். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் செஸ் போட்டியின் பதினான்காவது ஆட்டம். எதிரே இருந்த டிங் லிரன் யானையைத் தவறாக நகர்த்தினார், நம் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். எல்லோரும் பகிர்ந்தது அவர் அழுததை. எதிராளி எழுந்து போன பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் செய்ததைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். காய்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆரம்ப இடத்தில் அடுக்கிவைக்கிறார். உலகப் பட்டம் கைக்கு வந்த நிமிடத்திலும் ஆட்டம் முடிந்தால் பலகையை ஒழுங்கு செய்ய வேண்டும் என்கிற பழக்கம் போகவில்லை. அவரிடம் எனக்குக் கேட்க ஒரு வாய்ப்பு கிடைத்தால் அதைத்தான் கேட்பேன். அழுகையைப் பற்றி அவர் விரும்பினால் சொல்லட்டும்.

உங்களில் யாராவது எங்கள் தொழிலுக்கு வந்தால் முதல் மாதமே மாவட்டப் பள்ளிகளுக்கான தடகளப் போட்டிக்கு அனுப்புவார்கள். வெயிலில் நாள் முழுக்க நிற்க வேண்டும், ராத்திரி பக்கத்தில் இடம் இல்லை என்று முடிவுகளை வெட்டுவார்கள். வெட்ட விடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பெண் 800 மீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினாள், பயிற்றுநர் யார், முதல் சுற்றை எப்படி ஓடினாள் என்று கேட்டு எழுதுங்கள். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அலுவலகத்தில் கேட்டால், கேட்கவில்லை என்று சொல்லுங்கள்.